பஸ்ஸில் ஏறாத பயணி

"பயணி அஞ்சுகம், உங்கள் விமானம் தயார். ஏழாம் வாசலுக்கு வரவும்."

ஒலிபெருக்கியில் தன் பெயரைக் கேட்டதும் அஞ்சுகம் மாப்புக்கட்டையைச் சுவரில் சாய்த்தாள். அந்த அழைப்புக்கு என்ன அர்த்தமென்று வான்துறை விமான நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். முட்டி தேய்ந்து வேலைக்கு ஆகாமல் போன ஆளைப் பஸ்ஸில் ஏற்றிச் சுங்கச்சாவடிக்கு அப்பால் இறக்கிவிடுவார்கள். பிறகு உள்ளே வர முடியாது. போக அவளுக்கு வேறு இடமும் கிடையாது.

ஓடுபாதைகளைச் சுற்றிக் கடைகள் முளைத்து, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் என்று பெருகி, நாலு லட்சம் பேர் பிழைக்கிற இடம் அது. ஆனால் சட்டத்தில் அது ஊரில்லை, காத்திருப்புக் கூடம்; அங்கே வேலை செய்கிறவர்களும் பயணிகள்தான். பயணிக்கு ஏது வீடு, ஏது ஓட்டு? வேலைக்குச் சேர்கிற அன்றே மணிக்கட்டில் பயணவில்லையைக் கட்டி, ஒரு விமானத்தின் பேரில் பதிந்துவிடுவார்கள். அந்த விமானத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

ஏழாம் வாசலில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. மேலாளர் பெனடிக்ட், "ஏறும்மா, நேரமாவுது" என்றார்.

"எதுல ஏறச் சொல்றீங்க சார்?"

"கண்ணு தெரியலயா? பஸ்ஸுலதான்."

அஞ்சுகம் வில்லையைக் கண்ணருகே கொண்டுபோய் எழுத்தெழுத்தாகப் படித்தாள். "வி...மா...னம். பஸ்ஸுன்னு எங்க போட்டிருக்கு? காட்டுங்க, ஏர்றேன்."

பக்கத்தில் பெட்டிவண்டி தள்ளிக்கொண்டிருந்த கோமளா சிரித்துவிட்டாள். "அக்காவுக்கு ஜன்னல் சீட்டு வேணுமாம் சார்."

"வெளயாடாதீங்க. போலீஸக் கூப்புடுவேன்."

"கூப்புடுங்க. நான் வரிசையில நிக்கறேன்."

அஞ்சுகம் வாசல் தகட்டில் மணிக்கட்டை அழுத்தினாள். எந்த விமானம் முதலில் பறக்கலாம் என்று தீர்மானிக்கிற வரிசைமூளை என்ற இயந்திரம் அந்தத் தகட்டுக்குப் பின்னால் இருந்தது. அதற்கு ஒரே விதி: அதிக நேரம் காத்திருந்தவருக்கு முதல் வழி. மந்திரி சொன்னாலும் மாறாது. அந்த நேர்மையை நம்பித்தான் உலகத்து விமானங்களெல்லாம் அங்கே வந்து இறங்கின. இதுவரை எந்தத் தொழிலாளியும் தகட்டைத் தொட்டதில்லை. தொடுவதற்குள் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள்.

வரிசைமூளை கணக்குப் பார்த்தது. மற்ற பயணிகள் காத்திருந்தது இரண்டு மணி, மூன்று மணி நேரம். அஞ்சுகம் காத்திருந்தது இருபத்திரண்டு வருஷம். அவள் பறக்கும்வரை வேறெதுவும் பறக்க முடியாதபடி ஒன்பது ஓடுபாதைகளிலும் விளக்குகள் சிவந்தன.

பெனடிக்டின் போன் அலறியது. பேசி முடித்தவருக்கு முகம் வேர்த்திருந்தது. "சரி, விமானம் தர்றோம். எந்த ஊருக்கு?"

வில்லையை அவரிடமே நீட்டினாள். போய்ச் சேரும் இடம்: வான்துறை. யாரும் எங்கேயும் பறந்துவிடக் கூடாதென்று நிர்வாகமே போட்டுவைத்தது.

"இங்கேர்ந்து இங்கியேவா?"

"எழுதுனது நீங்கதான சார்."

குட்டி விமானமொன்று ஒன்பது நிமிஷம் வானத்தில் சுற்றியது. தரையாக மட்டுமே தெரிந்த இடத்தை அஞ்சுகம் முதல் தடவையாக மேலிருந்து பார்த்தாள். இறங்கி வந்ததும் வரிசைமூளை வில்லையைக் கழற்றிக்கொண்டு அறிவித்தது: "பயணம் முடிந்தது. சேர்ந்த ஊர், வான்துறை."

ஊரே இல்லையென்ற இடத்தை இயந்திரம் ஊரென்று பதிந்துவிட்டது. பயணம் முடிந்தவளை ஏற்றியனுப்ப எந்தச் சட்டத்திலும் பஸ் இல்லை.

"போதுமாம்மா? ஓடுபாதையத் தொறக்கலாமா?" என்றார் பெனடிக்ட்.

விளக்குகள் சிவப்பாகவே இருந்தன. அஞ்சுகம் ஏழாம் வாசலைக் காட்டினாள். கோமளா தகட்டில் கை வைத்து நின்றாள். அவளுக்குப் பின்னால் வரிசை, கடைத்தெருவைத் தாண்டி, கல்யாண மண்டபத்தைச் சுற்றி வளைந்து போய்க்கொண்டிருந்தது.

"எனக்குப் பத்தொம்போது வருஷம் சார்" என்றாள் கோமளா. "ஜன்னல் சீட்டாப் பாத்துக் குடுங்க."