ஏழு வருசக் கணக்கு

"அந்த ஃப்ரீசரை எடுக்காதேங்கோ!"

சொன்ன பிறகுதான் லக்சாயினி நாக்கைக் கடித்துக்கொண்டாள். விற்க நிற்பவள் பேசும் பேச்சா இது? சுவிட்சர்லாந்தின் சோலோதுர்ன் ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த அந்த மின்சாதனக் கடையில், ஆக மலிவான பெட்டியின் மேல் கைவைத்திருந்தவன் திரும்பிப் பார்த்தான். மழையில் நனைந்த முடி... எதற்கோ பயந்தது போன்ற பெரிய கண்கள்.

"தமிழோ? ஏன், பழுதோ?"

"பழுதில்லை. கரண்டைக் குடிக்கும். பக்கத்தில நிக்கிறது விலை கூடத்தான்... ஆனா ஏழு வருசத்தில கூடுதலாக் குடுத்த காசு கரண்ட் பில்லிலயே திரும்பி வந்திடும். பிறகு முழுக்க லாபம்."

"ஏழு வருசமோ..." அவன் கையை எடுத்துக்கொண்டான்.

"இப்பக் கஞ்சத்தனம் பார்த்தா பிறகு நட்டம்தான்!" என்று அவள் சிரித்தாள்.

அவன் முகம் சுருங்கியது. "நான் கஞ்சன் இல்லை. எஃப் விசா, தற்காலிகமா இருக்க விட்டிருக்கிறாங்கள். ஒவ்வொரு வருசமும் புதுப்பிக்க வேணும். அடுத்த வருசம் எங்க இருப்பனோ தெரியாது... நீங்கள் ஏழு வருசம் எண்டுறீங்கள்."

ஒன்றும் வாங்காமல் போய்விட்டான். இங்கேயே பிறந்தவளுக்கு ஏழு வருடம் ஒரு பெரிய விஷயமாகத் தோன்றியதே இல்லை. வெட்கமாக இருந்தது.

ஆனால் அடுத்த சனிக்கிழமையும் வந்தான். பெயர் கஜீவன். அதற்கடுத்த சனியும்...

"ஃப்ரீசரைப் பார்க்கவோ, என்னைப் பார்க்கவோ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "விசாவுக்கு இன்னும் பதில் வரேல்லை. தபால்பெட்டியை ஒரு நாளைக்கு நாலு தரம் திறந்து பாக்கிறன்."

பிறகு ஒரு சனி... மாலையாகியும் அவன் வரவில்லை. விடியப்புறம் பொலிஸ் வந்து விசா இல்லாத ஆட்களை நாடுகடத்தக் கூட்டிப்போன கதைகளை அப்பா சாப்பாட்டு மேசையில் சொல்லும்போதெல்லாம் அவள் கைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். அவை இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவன் நம்பர்கூட இல்லை. முதலில் அவன்தான் கேட்க வேண்டும் என்ற வீம்பு!

கடை பூட்டும் நேரம், மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"ஒரு வருசம் தந்திருக்கிறாங்கள். அந்த மலிவானதையே தாங்கோ."

"தரமாட்டன். நல்லதை எடுங்கோ."

"விளங்காமல் கதைக்கிறீங்கள்... ஏழு வருசத்துக்கிடையில என்னை அனுப்பிப்போட்டா?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆட்கள் நிற்பதையும் மறந்தாள்.

"இண்டைக்கு முழுக்க அதைத்தான் நினைச்சு நடுங்கினனான், கஜீவன்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. பயமாவும் இருக்கு."

அவன் மலிவானதைத் தாண்டி வந்து அந்த விலை கூடிய பெட்டியின் மேல் கைவைத்தான்.

"எனக்கும் ரெண்டும் இருக்கு..." என்றான் மெல்ல. "ஏழு வருசப் பெட்டிக்கே பில் போடுங்கோ."