உதயம் ஆறு நாற்பத்தொன்று

டிசம்பர் 9. காலை 7:05.

பிணத்தின் மார்பு சுட்டது.

ஏட்டு நுமகுனாய் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். முப்பது வருட சர்வீஸில் எத்தனையோ பிணங்களைத் தொட்டிருக்கிறார். ஆனால் நாணல்கூட விறைத்து நிற்கும் மைனஸ் ஒன்பது டிகிரியில், கன்னம் பனிக்கட்டியாய்க் கிடக்கும் மனிதனின் நெஞ்சு மட்டும் அடுப்புக் கல் மாதிரி கொதிப்பதை இன்றுதான் தொடுகிறார்.

சதுப்பு முழுக்க முழங்கால் உயரத்துக்கு மூடுபனி. அதற்கு மேலே காற்று கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. மலைமுகட்டில் எங்கோ ஒரு மான் விசில் அடிப்பதுபோலக் கத்திவிட்டு அடங்கியது.

"உயிர் இருக்கா ஏட்டய்யா?" பத்தடி தள்ளி நின்ற இவாபுச்சி கேட்டார். ஊர் வேட்டைக்காரர் சங்கத்தின் தலைவர். துப்பாக்கியைப் பிரித்து உறையில் போட்டிருந்தார். அவர் பக்கத்தில் சங்கத்து உறுப்பினர் மயேசாவா, கைகளை அக்குளில் செருகிக்கொண்டு தரையையே பார்த்தபடி நின்றார்.

நுமகுனாய் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கோட்டுக்குள் கையை விட்டார். சட்டைமேல் ஒட்டியிருந்த சூட்டுப்பை அகப்பட்டது. குளிர்காலத்தில் எல்லாரும் பையில் போட்டுக்கொள்ளும், உறையைப் பிரித்ததும் தானே சூடாகும் சாதாரணச் சூட்டுப்பை. அதற்கு அடியில் இதயம் துடிக்கவில்லை.

செத்தவர் ஒனோதெரா மசகிச்சி. வயது எழுபத்தொன்று. காட்டு விலங்குக் காவலுக்கு மாவட்டம் நியமித்த தன்னார்வக் கண்காணிப்பாளர். வலது விலாவுக்குக் கீழே ஒரே ஒரு குண்டு.

காலை 8:20.

நகரக் காவல் நிலையத்திலிருந்து இன்ஸ்பெக்டர் சசாமொரி யுகியே வந்து இறங்கினாள். அந்த வட்டாரத்துத் துப்பாக்கி உரிமங்கள் எல்லாம் அவள் மேசை வழியாகத்தான் போகும். வருடாவருடம் ஒவ்வொரு குழலுக்குள்ளும் கண்ணை வைத்துப் பார்ப்பவள். எந்தத் துப்பாக்கி யாருடையது என்பது அவளுக்கு மனப்பாடம்.

ஒனோதெராவையும் தெரியும். மூன்று வாரத்துக்கு முன் அவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "சதுப்புல சங்கத்து ஆளுங்க சூரியன் வர்றதுக்கு முன்னாடியே சுடுறாங்கம்மா" என்று சொல்லியிருந்தார். "சாட்சி இருந்தா கொண்டு வாங்க, நடவடிக்கை எடுக்கிறேன்" என்று அனுப்பிவைத்தவள் அவள்தான்.

அந்த நினைவோடு உடலின் அருகே குந்தினாள். நெடுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

சாம்பல் நிறக் கோட்டில் படர்ந்த ரத்தம் இடுப்புக்கு மேலே ஓரிடத்தில் அளவுகோல் வைத்து வரைந்ததுபோல நேர்கோட்டில் நின்றிருந்தது. காலர் நுனியில், உதட்டை ஒட்டி, விரல் தடிமனுக்கு வெண்பனி. முகத்துக்கு நேரே சாய்ந்திருந்த குட்டை மூங்கில் இலை ஒன்றில் கோழி இறகைப்போல உறைபனி விரிந்திருந்தது. பக்கத்து இலைகளில் மெல்லிய பூச்சுதான். இந்த ஒன்றில் மட்டும் அத்தனை கனம்.

அவள் இலையைத் தொடாமல் படம் எடுக்கச் சொன்னாள். பிறகு இவாபுச்சியைக் கூப்பிட்டாள்.

"எத்தனை மணிக்குச் சுட்டீங்க?"

"ஆறு அம்பதுக்கு. இன்னைக்கு உதயம் ஆறு நாப்பத்தொண்ணு. சட்டப்படி ஒன்பது நிமிஷம் தாண்டித்தான் சுட்டேன்."

"மணியைப் பார்த்துட்டா சுட்டீங்க?"

"பார்க்காம சுடுறவன் தலைவரா இருக்க முடியாது மேடம்."

"என்ன பார்த்தீங்க?"

"தேவதாரு மரத்தடியில ஏதோ அசைஞ்சுது. மான்னு நினைச்சேன். மனுஷன் சாம்பல் கோட்டுல வந்து நின்னா எப்படித் தெரியும்? ஆரஞ்சு மேலங்கி போடாம காட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டினதே அவர்தான். தப்பு என்னோடதுதான். மறைக்கலை. விபத்து."

"அப்புறம்?"

"ஓடினோம். அதுக்குள்ள மூச்சு நின்னிருந்துச்சு. ஆறு அம்பத்துநாலுக்கு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன்."

"உடம்பைத் தொட்டீங்களா?"

"தோளைப் பிடிச்சு உலுக்கினேன். அவ்வளவுதான்."

"நீங்க?" சசாமொரி மயேசாவாவைப் பார்த்தாள்.

"தலைவர் சொன்னதுதான்," என்றார் மயேசாவா. குனிந்த தலை நிமிரவில்லை.

காலை 11:40.

ஒனோதெராவின் வீடு மலைக்கு அந்தப் பக்கம். சதுப்பில் வெடித்தால் இங்கே கேட்காது. மனைவி ஃபூமி தேநீரை ஊற்றினாள். ஊற்றிய பிறகு கெண்டியைக் கீழே வைக்க மறந்து, அதைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"நாலரைக்கே கிளம்பிட்டார். இன்னைக்குக் கையும் களவுமாப் பிடிச்சுடுவேன்னார்."

"என்ன போட்டிருந்தார்?"

"சாம்பல் கோட்டு. மேல ஆரஞ்சு மேலங்கி. நான்தான் வாசல்ல நின்னு பின்பக்கம் கொக்கி மாட்டிவிட்டேன்."

சசாமொரியின் பேனா நின்றது. "நிச்சயமா?"

"முதுகுல அவர் பேரை நானே தைச்சேன்மா. அது இல்லாம குப்பை கொட்டக்கூடப் போகமாட்டார். நானே கேலி பண்ணுவேன், நடமாடுற பரங்கிக்காய்னு."

"சூட்டுப்பை வைச்சுக்குவாரா?"

"ஐயோ, கிட்டவே சேர்க்கமாட்டார். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வயித்துல வைச்சுட்டுத் தூங்கி, தோல் வெந்துபோச்சு."

திரும்பும் வழியில் நுமகுனாய் வண்டியை ஓட்டினார். கொஞ்ச தூரம் போனதும் தானாகவே பேசினார்.

"எங்கப்பா விடியலுக்கு முந்தின நேரத்துல என்னை வெளியே விடமாட்டார் மேடம். அந்த நேரத்துக்குப் பழைய பேரே 'அது யாரோ'ன்னுதானே. எதிர்ல வர்றது மனுஷனா வேற ஏதாவதான்னு தெரியாது, தெரியாததைக் கூப்பிடாதேன்னு சொல்வார். இன்னைக்கு அந்த நெஞ்சைத் தொட்டப்போ, நிஜமாவே வேற ஏதோன்னு நினைச்சுட்டேன்."

"நாளைக்கு அதே நேரத்துல நீங்க அங்கே நிக்கணும் ஏட்டய்யா."

"எங்கே?"

"அவர் நின்ன இடத்துல. சாம்பல் கோட்டோட."

நுமகுனாய் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "மேலதிகாரி உத்தரவா, வேண்டுகோளா?"

"உத்தரவு."

"வேண்டுகோளா இருந்தா மறுத்திருப்பேன்."

டிசம்பர் 10. காலை 6:05.

அதே குளிர். அதே முழங்கால் மூடுபனி. இவாபுச்சி சுட்டதாகக் காட்டிய நாணல் மறைவில் சசாமொரி உட்கார்ந்திருந்தாள். பின்னால் இவாபுச்சியும் மயேசாவாவும், இரண்டு காவலர்களும். அறுபதடி தூரத்தில் தேவதாரு மரங்கள் ஒரே கறுப்புச் சுவராக நின்றன.

அந்தச் சுவரின் அடியில் ஒரு கட்டி அசைந்தது.

தலை எது, கால் எது என்று தெரியவில்லை. பனிக்குமேல் மிதந்து, குனிந்து, நீண்டு, மறுபடி குறுகியது. அது நுமகுனாய் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் கண் அதை மனிதனாக ஏற்கவில்லை. மயேசாவாவின் மூச்சு பக்கத்தில் சத்தமாகக் கேட்டது.

"மேலங்கியைப் போட்டுக்கோங்க ஏட்டய்யா!" என்று கத்தினாள்.

கட்டி கொஞ்சம் அசைந்தது. ஆரஞ்சு மேலங்கி ஏறியது. ஒன்றும் மாறவில்லை. அந்த வெளிச்சத்தில் ஆரஞ்சும் கறுப்புதான்.

"கழட்டிடுங்க!"

பிறகு காத்திருந்தார்கள். வானம் ஈயமானது, பிறகு பாலானது. ஆறு நாற்பத்தொன்று கடந்தது.

காலை 6:50.

"ஏட்டய்யா, என்ன சாப்பிடுறீங்க?"

"சோத்துருண்டை மேடம்! பசி தாங்கலை!"

"மூக்குல ஒரு பருக்கை ஒட்டியிருக்கு, துடைங்க."

அவர் துடைத்தார். சசாமொரி எழுந்து இவாபுச்சியின் பக்கம் திரும்பினாள்.

"நேத்து இதே நேரம், இதே இடம், இதே தெளிவு. சாம்பல் கோட்டு, மேலங்கி கிடையாது. எனக்கு அவர் மூக்குல ஒட்டின சோறு தெரியுது. முப்பது வருஷம் வேட்டையாடின உங்களுக்கு மனுஷன் மானாத் தெரிஞ்சாரா?"

இவாபுச்சி மரத்தடியைப் பார்த்தார்.

"ஆறு அம்பதுக்குச் சுட்டிருந்தா, அவர் முகத்தைப் பார்த்துத்தான் சுட்டிருக்கீங்க. அது கொலை. முகம் தெரியலைன்னா, அது ஆறு அம்பது இல்லை. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

"நான் ஒனோதெராவைக் கொல்ல நினைக்கலை!" இவாபுச்சி கத்தினார். "சத்தியமா மான்னுதான்..."

"நம்புறேன். இருட்டுல சுட்டீங்க. ஆறு மணியை ஒட்டி. உதயத்துக்கு முன்னாடி சுட்டா உரிமம் போகும், ஜெயில். ஏற்கெனவே அவர் உங்க மேல புகார் குடுத்திருக்கார். உதயத்துக்கு அப்புறம்னா விபத்து. அதுக்கு நேரம் மாறணும். நேரம் மாறினா மேலங்கி உதைக்கும், ஏன்னா வெளிச்சத்துல ஆரஞ்சைப் பார்த்து யாரும் மான்னு சொல்ல முடியாது. அதனால கழட்டிட்டீங்க. கோட்டுல ரத்தம் நேர்கோட்டுல நின்னது மேலங்கியோட ஓரம் இருந்த இடத்துல."

"செத்துப்போனவர்கிட்டேருந்து ஒரு துணியை எடுத்தது அவ்வளவு பெரிய..."

"செத்துப்போனவரா?"

அவள் குரல் உயரவில்லை. மயேசாவா மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

"எல்லாரும் அந்தச் சூட்டுப்பையைப் பார்த்தோம். குளிர்காலம், எல்லார்கிட்டேயும் இருக்கும்னு விட்டுட்டோம். ஆனா ஒனோதெரா அதைத் தொடமாட்டார். வேற யாரோ அவர் கோட்டைத் திறந்து நெஞ்சுல ஒட்டியிருக்காங்க. பிணத்துக்கு யாரும் குளிர் காய வைக்கமாட்டாங்க இவாபுச்சி. காலர்ல பனி. வாய்க்கு நேரா ஒரு இலையில மட்டும் இறகு மாதிரி பனி. அது அவர் மூச்சு. நாலு நிமிஷத்துல அவ்வளவு உறையாது. அவர் கீழே கிடந்து முக்கால் மணி நேரம் மூச்சு விட்டிருக்கார். பிரேதப் பரிசோதனை பண்ணின டாக்டரும் அதையேதான் சொல்றார். மெதுவா ரத்தம் போயிருக்கு. ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம். உடனே கூப்பிட்டிருந்தா பிழைச்சிருப்பார்."

சதுப்பில் எங்கோ பனிக்கட்டி விரிசல் விட்டது.

"சூரியன் வரட்டும்னு பக்கத்துலயே உட்கார்ந்து காத்திருந்தீங்க. அவரைக் கொன்னது குண்டு இல்லை. நீங்க."

இவாபுச்சி மயேசாவாவைப் பார்த்தார். ஏதோ சொல்லச் சொல்வதுபோல. மயேசாவா பனிக்குள் உட்கார்ந்தார்.

"மேலங்கி என் வண்டி சீட்டுக்கு அடியில இருக்கு மேடம். எரிக்கச் சொன்னார். பின்னாடி பேர் தைச்சிருந்துச்சு, என்னால முடியலை."

"வாயை மூடு!" என்றார் இவாபுச்சி.

"மூடித்தான் வைச்சிருந்தேன் தலைவரே. நாப்பது நிமிஷமும்." அவர் சசாமொரியிடம் திரும்பினார். "போனை எடுத்தேன். பிடுங்கிக்கிட்டார். வாட்சையே பார்த்துக்கிட்டிருந்தார். இன்னும் முப்பது நிமிஷம், இன்னும் இருபதுன்னு. நான் சூட்டுப்பையை மட்டும் வைச்சேன். வேற ஒண்ணும் பண்ணலை. ஒனோதெராவுக்குக் கண்ணு சரியாத் தெரியலை போல. விடிஞ்சுதா, விடிஞ்சுதான்னு கேட்டுக்கிட்டே இருந்தார். இன்னும் இல்லைன்னு சொன்னேன். மேலங்கியைக் கழட்டுறப்போ, காயத்துக்குக் கட்டுப்போடத்தான் கழட்டுறோம்னு நினைச்சுட்டார். கையைத் தானாத் தூக்கிக் குடுத்தார் மேடம். தூக்க முடியாம தூக்கி... 'உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டேன்'னு சொன்னார்."

நுமகுனாய் மரத்தடியிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். மீதிச் சோற்றுருண்டையைத் தாளில் மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். பிறகு இவாபுச்சியின் மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றிவிட்டு விலங்கை மாட்டினார்.

காலை 10:30.

ஃபூமியிடம் எதையும் மறைக்க வேண்டாம் என்று வழியிலேயே சசாமொரி முடிவு செய்திருந்தாள். சாட்சி கொண்டு வரச் சொன்னது தான் என்பதிலிருந்து தொடங்கினாள். சுட்ட நேரம், காத்திருந்த நேரம், மேலங்கி, கடைசியில் அவர் சொன்ன வார்த்தை வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்துத் தரைப்பாயில் நெற்றி படக் குனிந்தாள்.

வெளியே கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆமாம்," என்றாள் ஃபூமி. "அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார்."