காற்றுமாளிகையின் இரண்டாவது வாய்

பங்குனி மாதத்து அந்திச் சூரியன் செம்மணல் மேடுகளின்மேல் தன் கடைசிப் பொன்னையெல்லாம் வாரி இறைத்துவிட்டு மெல்ல மெல்ல மேற்கே சாய்ந்துகொண்டிருந்தான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணல்; அதன் நடுவே திசை தவறி வந்தவைபோல் ஒற்றை ஒற்றையாய்ப் பனைகள்; கீழ்த்திசையிலிருந்து கடற்காற்று கிளம்பிவிட்டதென்று சொல்ல அந்தப் பனையோலைகளின் சலசலப்பு. வாசகர்களே, தேரிநாட்டுக்கு உங்களைச் சித்திரை மாதத்தில் அழைத்து வராமல் பங்குனியில் அழைத்து வந்ததற்கு என்னை வாழ்த்துங்கள். சித்திரை வெயிலில் இந்த மணலில் கால் வைத்தால் கதை கேட்கவா தோன்றும்? ஓட்டமெடுக்கத்தான் தோன்றும்!

ஓட முடியாதவர்கள் பச்சைக் குழந்தைகள். ஓலைக் குடிசைகளில் தகித்த அனலுக்கு ஆண்டுதோறும் சில தொட்டில்கள் வெறுமையாயின. அந்தத் தொட்டில்களின் துயரந்தான் தேரிக்கோட்டைத் தலைவி உமைநங்கையை உறங்கவிடாமல் அடித்தது. அவளுடைய தந்தை, கோட்டைக்குள்ளிருந்த ஒரே நன்னீர்ச் சுனைக்காகக் கரைமேட்டு அரசனோடு பொருதபோது, மணல்மேட்டுக்குப் பின்னால் மறைந்து நின்ற ஒருவன் எய்த அம்புக்கு உயிரைக் கொடுத்தார். எய்தவன் அரசனின் தம்பி விடங்கன். பெயரைத் தேரிநாடே அறியும். முகத்தை ஒருவரும் கண்டதில்லை.

தந்தைக்குப் பின் அரசுரிமை ஏற்ற நங்கையிடம்தான், பாண்டிநாட்டு ஸ்தபதி என்று சொல்லிக்கொண்டு எழினி வந்து சேர்ந்தான்.

"என் குடிகள் அனைவரும் கோடை கழியும்வரை தங்குவதற்கு ஒரு கல்மாளிகை வேண்டும், ஸ்தபதியாரே" என்றாள் அவள்.

"கல்லா? பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் நம்மேல் உமிழுமே, தேவி! தங்கள் காலடியில் கிடக்கும் மண்ணே போதும்" என்று சிரித்தான் எழினி.

அந்தச் சிரிப்பில் என்ன மாயம் இருந்ததோ, தலைவி தன் கணுக்கால் தெரியச் சேலையைச் செருகிக்கொண்டு குடிப்பெண்களோடு சேர்ந்து செம்மண் மிதித்தாள். மண்ணில் பதநீர் ஊற்றிக் குழைத்துச் சுவரை மதில்போல் தடிமனாக எழுப்பினார்கள். வெயில் புகாதபடி சாளரங்களைச் சிறிதாக உயரத்தில் வைத்தார்கள். பனைமர விட்டங்களுக்குமேல் கலயங்களைக் கவிழ்த்து அடுக்கி, அவற்றின்மேல் சுண்ணாம்பு பூசினார்கள். கடலை நோக்கி வாய் திறந்த உயரமான மாடம் ஒன்று காற்றைப் பிடித்துக் கீழே நிலவறைக்கு இறக்கும். அங்கே சுனைநீர்மேல் தவழ்ந்து குளிர்ந்த காற்று கூடமெல்லாம் உலாவிவிட்டுக் கூரை முகட்டுத் துளை வழியே வெளியேறும். நிலவறையின் மூலையில் ஒரு சிற்றறையையும் எழினி அமைத்தான். "ஈரக்காற்று தேங்குவதற்கு ஒரு குருட்டறை, தேவி" என்றான். நங்கை நம்பினாள். அவன் வடக்கைத் தெற்கென்று சொல்லியிருந்தாலும் அன்று நம்பியிருப்பாள். காதல் வந்தால் புத்தி கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்கும்.

தேரிநாட்டார் புதுவீட்டில் குடிபுகுமுன் புகையோட்டுவது வழக்கம். நிலவறையில் சாம்பிராணிப் புகை மூட்டினால், அது முகட்டுத் துளை வழியாக மட்டுமே வெளிவர வேண்டும். அங்கே நின்று கட்டியவன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லப்பட்டவன் அந்த வீட்டுக் கூரையின் கீழ் நிற்கும்வரை அவன்மேல் ஒருவரும் கைவைக்கலாகாது. பெயர் சொல்லாத வீட்டிலோ, பொய்ப்பெயர் சொன்ன வீட்டிலோ தேரிநாட்டுப் பிள்ளை ஒன்றுகூடக் கண்ணயராது.

"சுண்ணாம்பு காயட்டும், தேவி. புகை பட்டால் கறுத்துவிடும். சித்திரை பிறந்தபின் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தான் எழினி.

இந்தப் பங்குனி அந்தியில் அவன் வெளியே சென்றிருந்தான். திரும்பி வரும்போது தன் பெயர் கூரைமேலிருந்து ஒலிப்பதைக் கேட்டு அவன் திகைக்க வேண்டும் என்ற ஆசையில், குடிகளையெல்லாம் முற்றத்தில் கூட்டி, தோழி காவியைப் புகை மூட்டச் சொல்லிவிட்டு, மகிழம்பூ மாலையோடு கூரையேறினாள் நங்கை. பாவிப் பெண், மாலையைத் தானே கட்டியிருந்தாள்!

முகட்டில் புகை வந்தது. ஆனால் பிள்ளைக்குப் பால் காய்ச்சும் அடுப்பின் புகையளவுக்கு நூலாக வந்தது. மீதிப் புகை எங்கே?

"அம்மா! மதிலுக்கு அந்தாண்ட மணல்மேட்ல புகை பொங்குதும்மா! மண்ணுக்குள்ளருந்து ஆளுங்க இருமுற சத்தம் கேக்குது!" என்று மதிற்காவலன் காளன் அலறினான்.

நங்கைக்கு ஒரு கணத்தில் எல்லாம் விளங்கியது. குருட்டறை குருடல்ல; அதன் சுவரிடுக்கு வழியே புகை மதிலுக்கு வெளியே போகும் ஒரு சுரங்கத்துக்குள் நுழைகிறது! கையிலிருந்த மாலையோடே நிலவறைக்கு ஓடினாள். அவள் படியிறங்கி முடிக்குமுன்பே, தலைவிரி கோலமாக எழினி வெளியிலிருந்து பாய்ந்து வந்தான்.

"யார் மூட்டச் சொன்னது? அணையுங்கள்! உடனே அணையுங்கள்!"

"சுவர் கறுத்துவிடும் என்ற கவலையா, ஸ்தபதியாரே?"

அவன் பதில் சொல்வதற்குள் குருட்டறைச் சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு முரட்டுக் குரல் இருமலோடு கதறியது. "விடங்கா! தம்பி! கல்லைத் தள்ளடா! மூச்சு முட்டுகிறது!"

ஐயோ, அந்தப் பெயர்! தந்தையின் மார்பில் தைத்த அம்பு இப்போது தன் மார்புக்கு வந்துவிட்டதென்று நினைத்தாள் நங்கை. இந்தக் கையையா பற்றினோம்? இந்தச் சிரிப்புக்கா மண் மிதித்தோம்?

"காவி, கடுகையும் மிளகையும் நெருப்பில் கொட்டு" என்றாள்.

காவி கைநிறைய அள்ளிக் கொட்டினாள். மாடம் இறக்கிய கடற்காற்று அந்தக் காரத்தையெல்லாம் சுரங்கத்துக்குள் ஊதித் தள்ளியது. கரைமேட்டு அரசனும் அவன் வீரர்களும் கண்ணைக் கசக்கிக்கொண்டு மணல்மேட்டில் வந்து விழ, காளனின் ஆட்கள் அவர்களை வளைத்துப் பிடித்தார்கள்.

விடங்கன் அசையவில்லை. "அண்ணன் தனக்குச் சுனை மட்டுமே வேண்டும் என்றான். தங்கள் உயிருக்கு வாக்குறுதி வாங்கியிருந்தேன். நங்கை, என் அன்பு மட்டும் பொய்யில்லை."

"எந்தையைக் கொன்ற கையால் என் கண்ணீரையும் துடைத்தீரே! அப்போது கூசவில்லையா?"

வெளியேயிருந்து வந்த காளன் வாளை உருவினான். "ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, இவன் தலை இங்கேயே உருளும்!"

அவள் வாய் திறந்தபோது முற்றத்திலிருந்து ஒரு குழந்தை அழுதது. சித்திரைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது? எழினி என்றொருவன் உலகத்திலேயே இல்லை. இருப்பவன் பெயரைச் சொன்னாலொழிய இந்த வீடு ஒருவருக்கும் வீடாகாது. சொன்னால் தந்தையைக் கொன்றவனுக்குத் தன் வாயாலேயே காப்பளித்ததாகிவிடும்.

"குருட்டறையைக் கல்லும் மண்ணும் இட்டு நிரப்புங்கள். பிறகு மறுபடி புகையோட்டுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூரையேறினாள்.

இம்முறை முகட்டில் புகை தூணாக எழுந்தது. நங்கை கூவினாள்.

"தேரிநாட்டாரே! இது விடங்கன் கட்டிய வீடு! என் தந்தையைக் கொன்ற விடங்கன் கட்டிய வீடு!"

முற்றம் உறைந்தது. பின்பு, சென்ற கோடையில் தலைப்பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் இடுப்புக் குழந்தையை இறுக்கிக்கொண்டு, காறி ஒருமுறை உமிழ்ந்துவிட்டு, உள்ளே நுழைந்தாள். அவள் பின்னால் மற்றவர்களும் நுழைந்தார்கள்.

வாயிலில் குதிரை நின்றது. நங்கை விடங்கனிடம் சொன்னாள்: "இந்தக் கூரையின் கீழ் உம் உயிருக்கு நானே காவல். உம் பெயரும் முகமும் இன்று ஊரறிந்துவிட்டன; இனி முகம் தெரியாத ஒற்றனாக எந்த நாட்டிலும் நீர் நுழைய முடியாது. ஆனால் நீர் கோட்டை வாசலைத் தாண்டியபின் நான் பத்து எண்ணும்வரைதான் உமக்கு அவகாசம். அதன்பின் எங்கே கண்டாலும் என் அம்பு உம்மைத் தேடி வரும். எந்தை மேல் ஆணை."

"அன்பு பொய்யில்லை என்றேனே, தேவி..."

"சுவரும் பொய்யில்லை. அதனால்தான் அதை வைத்துக்கொண்டு உம்மை அனுப்புகிறேன்."

குளம்பொலி மணலில் அமிழ்ந்தது. நங்கை வில்லை நாணேற்றி நின்று எண்ணத் தொடங்கினாள். பத்து வந்தது, அதையும் தாண்டி எண்ணிக்கொண்டே இருந்தாள். நிலவொளியில் குதிரை மேட்டுக்கு அப்பால் மறைந்தபின்தான் வில்லைத் தாழ்த்திவிட்டு உள்ளே வந்தாள். கூடத்தில் குழந்தைகள் வேர்க்காமல் உறங்கினார்கள். மூலையில் அமர்ந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அழுதாள். சுனைமேல் குளிர்ந்து வந்த காற்று அவள் கன்னத்தை மெல்ல உலர்த்தியது. அந்தக் காற்றின்மேலும் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.