சிரிக்காத ஓநாய்

"இந்த ஓநாயைப் பார்த்தா பிள்ளைங்க ராத்திரி தூங்காது, லிதியா இவானவ்னா! கொஞ்சம் சிரிக்க வைங்க. நாளைக்குள்ள மாத்தலேன்னா புத்தகத்தை வேற ஓவியருக்குக் கொடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டார் பதிப்பாசிரியர் அர்காதி ஃபோமிச்.

லிதியா லெனின்கிராதில் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைபவர். வீட்டுக்கு வந்து, வேண்டாவெறுப்பாக ஒரு சிரிக்கும் ஓநாயை வரைந்தார்.

பத்து வயது மகள் உல்யானா எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இதுக்குப் பல்வலியா?"

அம்மா தூரிகையைக் கீழே வைத்தார். "மிருகக்காட்சிசாலையில, கொட்டுற பனியில நின்னு வரைஞ்ச ஓநாய்டி என்னோடது. அதைக் கோமாளி ஆக்க மாட்டேன். புத்தகம் போனா போகட்டும்."

உல்யானா யோசித்தாள். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்கிறார்களே, எந்தப் பிள்ளையையாவது கேட்டார்களா?

பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் அந்த வீட்டில், பக்கத்து அறையில் குடியிருக்கும் கோஷாவுக்கு நான்கு வயது. மறுநாள் லிதியா பதிப்பகத்துக்குக் கிளம்பியபோது, உல்யானா இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டாள்; கோஷாவின் அம்மாவிடம் சொல்லிவிட்டு அவனையும் டிராமில் ஏற்றிக்கொண்டாள்.

"இவன் எதுக்கு?" என்றார் லிதியா.

"இவன்தான் படம் பார்க்கப் போறவன்."

அர்காதி ஃபோமிச்சின் மேசையில் இரண்டு ஓநாய்களையும் பரப்பினாள் உல்யானா. "கோஷாவையே கேளுங்க."

கோஷா முதலில் சிரிக்கும் ஓநாயைப் பார்த்தான். "நாய்" என்றான். கொட்டாவி விட்டான்.

அடுத்ததைப் பார்த்தான். "ஆ!" என்று அலறி, உல்யானாவின் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"பார்த்தியா? நான் சொன்னேன்ல?" அர்காதி ஃபோமிச் படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

உல்யானாவுக்கு அழுகை முட்டியது. எல்லாம் போச்சு!

கோட்டுக்குள்ளிருந்து ஒரு கண் வெளியே வந்தது.

"ஏன் மூடுனீங்க?" கோஷா கோபமாகக் கேட்டான். "அங்க ஆட்டுக்குட்டி இருக்கு! நான் பார்த்துக்கிட்டே இருந்தாத்தான் ஓநாய் கிட்ட வராது!"

அவனே நாற்காலியில் ஏறிப் படத்தைத் திருப்பினான். ஓநாயை முறைத்தான். உதடு நடுங்கியது. ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

"பயமா இல்லையாடா?" என்றார் அர்காதி ஃபோமிச் மெல்ல.

"பயமாத்தான் இருக்கு. நீங்களும் வந்து முறைங்க, மாமா."

அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வந்து, உண்மையாகவே முறைத்தார். பிறகு அந்தச் சிரிக்கும் ஓநாயை எடுத்து லிதியாவிடமே நீட்டினார்.

"இதை நீங்களே வச்சுக்கங்க. அந்த ஓநாய் அச்சுக்குப் போகட்டும்" என்றார்.

"இப்ப வேண்டாம்!" என்றான் கோஷா. "ஆட்டுக்குட்டி முதல்ல வீட்டுக்குப் போகட்டும்."

மற்ற மூன்று பேரும் காத்திருந்தார்கள்.