விரிசலில் மூன்று கண்ணாடிகள்

இன்னும் ஒரே ஒரு புகார் வந்தால் சில்வண்டைப் பள்ளியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். தலைமையாசிரியர் டி.சி.யை எழுதியே வைத்துவிட்டார். தேதி மட்டும் பாக்கி. அம்மா வேலை செய்யும் சலவைக் கடையில் அவளுக்கும் ஓர் இஸ்திரிப் பெட்டி காத்திருந்தது.

அவளைப் போன்ற ஐந்து பேரைத் திருத்துவதற்காக, வாரம் ஒருநாள் பழைய கோட்டையில் சீரமைப்பு வேலை. திட்டத்தின் பெயர் பேனரில் மூன்று வரி நீண்டது. பிள்ளைகளின் பெயருக்குத்தான் இடமில்லை.

கோட்டைச் சுவரில் நெடிய விரிசல். அதன் குறுக்கே, ஒன்றுக்கு மேல் ஒன்றாக, மூன்று கண்ணாடித் துண்டுகளைக் கொத்தனார் ஒட்டியிருந்தார்.

"இது எதுக்கு மாமா?" என்று முதல் நாளே கேட்டாள் சில்வண்டு. கேட்காமல் இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது; பள்ளியில் அந்தப் பட்டப்பெயர் வந்ததே அதனால்தான்.

"சுவர் அசைஞ்சா கண்ணாடி உடையும். உடைஞ்சா ஒருத்தரும் கிட்ட நிக்கக் கூடாது."

இன்று கல்வித்துறை இயக்குநர் வருகை. அழுக்குச் சட்டை புகைப்படத்தில் விழுமென்று கொத்தனாருக்கு விடுமுறை. பேனர் எடுப்பாகத் தெரியுமென்று நாற்காலிகளை விரிசலுக்கு அடியிலேயே போட்டிருந்தார்கள். மற்ற நான்கு பிள்ளைகளும் முதல் வரிசையில்.

சில்வண்டு சுவரைப் பார்த்தாள். அடிக் கண்ணாடி இரண்டாகப் பிளந்திருந்தது.

"சார், கண்ணாடி உடைஞ்சிருக்கு. எல்லாரையும் எழுப்புங்க."

"இன்னைக்குப் பார்த்து உடைச்சிட்டியா?" தலைமையாசிரியர் தோல்பையிலிருந்து டி.சி.யை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"பேசாம வந்து உட்காருடி," என்று முதல் வரிசையிலிருந்து கிசுகிசுத்தாள் தோழி.

விரிசலுக்கு அடியில் கிடந்த காலி நாற்காலியைச் சில்வண்டு பார்த்தாள். உட்கார்ந்தால் தப்பிக்கலாம். ஆனால் உட்கார வேண்டிய இடம் அதுவாயிற்றே.

"இதை நான் உடைச்சதாவே இருக்கட்டும் சார். மேல பாருங்க."

இரண்டாள் உயரத்திலிருந்த மூன்றாவது கண்ணாடியும் பிளந்திருந்தது.

"அதையுமா நான் உடைச்சேன்? ஏணி எங்க சார்?"

தலைமையாசிரியர் டி.சி.யைப் பைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தார். இயக்குநரும் நிமிர்ந்தார். அவர் மூக்குக்கண்ணாடியில் கொஞ்சம் மண் உதிர்ந்தது.

"மீதியை வாசல்ல பேசிக்கலாம்," என்ற இயக்குநர், பதவிக்குப் பொருந்தாத வேகத்தில் நடந்தார். பிள்ளைகளும் தலைமையாசிரியரும் அவருக்குப் பின்னால் ஓடினார்கள்.

வாசலை அடைந்தபோது சுவர் சரிந்தது. தூசி அடங்கியபோது நாற்காலிகளைக் காணோம்.

தலைமையாசிரியர் தன் வெறுங்கையைப் பார்த்தார். "என் பை உள்ள மாட்டிக்கிச்சு."

"அதுல என்ன சார் இருந்துச்சு?"

அவர் கற்குவியலைப் பார்த்தார். பிறகு முதல் வரிசைப் பிள்ளைகளைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லம்மா. திங்கக்கிழமை நேரத்துக்கு வந்துடு."

சில்வண்டு மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.