அன்புராசாவின் சப்பாத்து

இரத்தினவேல் வந்து இறங்கிய அன்று மோர்னிங்சைட்டில் பனி இன்னும் கொட்டத் தொடங்கவில்லை. தொண்ணூற்றாறாம் ஆண்டு, கார்த்திகை மாதம். சண்முகலிங்கம் விமான நிலையத்திலிருந்து அவரைக் காரில் ஏற்றிவந்து வாசலில் இறக்கினார். சண்முகலிங்கத்தின் மனைவி ஜெயமலர் கதவைத் திறந்து முகம் நிறையச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு ஆயுசு கெட்டியில்லை. இரத்தினவேல் உள்ளே வந்ததும் கதவோரம் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

குப்பென்று அடித்தது நாற்றம்.

நெடும்பயணம் வந்த கால் நாறாமல் சந்தனமா மணக்கும் என்று அவள் தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் இது வியர்வை இல்லை. கிணற்றுக்குள் பூனை விழுந்து செத்து, யாரும் கவனிக்காமல் ஊறிக் கிடந்தால் வருமே, அந்த நாற்றம். தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றது.

"என்ன தங்கச்சி, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை அண்ணை. உள்ளை வாங்கோ. சாப்பாடு சூடாக் கிடக்கு."

இரத்தினவேல் மெல்பேணில் இருந்து எழுதுகிறவர். அவுஸ்திரேலியாவில் பழைய எழுத்தாளர்களிடம் ஒரு பழக்கம் இருந்ததாம். போர்வையைச் சுருட்டி முதுகில் கட்டி, தேநீர் கொதிக்கவைக்க ஒரு தகரப் பேணியையும் தொங்கவிட்டு, சிநேகிதனோடு ஊர் ஊராய் நடப்பார்களாம். பொழுதுபட்டால் மரத்தடியில் நெருப்பு மூட்டி இலக்கியம் பேசுவார்களாம். அதைக் கேள்விப்பட்டு நம்மவர்களிலும் இரண்டு பேருக்கு விசர் பிடித்தது. ஒருவர் இந்த இரத்தினவேல். மற்றவன் ஜெயமலரின் ஒரே தம்பி அன்புராசா. லீவு கிடைத்தால் போதும், இருவரும் வெளிக்கிட்டுவிடுவார்கள். "வா மச்சான், நடப்பம்" என்று அன்புராசா ஒரு குரல் கொடுத்தால் இரத்தினவேல் சாப்பாட்டுக் கோப்பையையும் வைத்துவிட்டு எழும்பிவிடுவாராம்.

இரண்டு வருடத்துக்கு முன், அப்படிப் போன ஒரு செம்மண் வீதியில்தான் அன்புராசா செத்துப்போனான். காய்ச்சல் என்றார்கள். இரத்தினவேல்தான் ரெலிபோனில் அழுதழுது சொன்னார்.

"என்ரை மடியிலைதான் தங்கச்சி உயிர் போச்சு. கையாலை தண்ணி பருக்கினனான். சப்பாத்தோடைதான் எரிச்சது. பிள்ளையை வெறுங்காலோடை அனுப்பேல்லை."

அந்த வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டுதான் ஜெயமலர் இரண்டு வருடமும் உயிரோடு இருந்தாள். தம்பி தனியச் சாகவில்லை. ஒரு மடி இருந்தது, ஒரு வாய்த் தண்ணீர் இருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையில் ஐயருக்குத் தானம் கொடுக்கும்போது குடை கொடுத்தார்கள், பாய் கொடுத்தார்கள். செருப்பு மட்டும் கொடுக்கவில்லை. செத்தவர் போகும் வழியில் கால் சுடக்கூடாது என்றுதான் செருப்பைக் கொடுக்கிறது. சண்முகலிங்கம் ஒரே பேச்சில் அதை முடித்துவிட்டார்.

"உந்தக் குளிருக்கை ஐயர் செருப்பை வைச்சு என்ன செய்யிறது? அவனும் சப்பாத்தோடைதானே போனவன்."

அதுவும் சரிதான் என்று அவளும் விட்டுவிட்டாள்.

இப்போது இரத்தினவேல் அந்த நட்பைப் புத்தகமாக எழுதியிருந்தார். 'ஆயிரம் மைல் சிநேகிதம்'. சனிக்கிழமை மாலை வோபர்னில் ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா. முதற்பிரதியை மேடையில் ஏறி வாங்கப்போகிறவள் ஜெயமலர். அந்த மடிக்கும் அந்தத் தண்ணீருக்கும் ஊரறிய நன்றி சொல்ல அவளுக்குக் கிடைத்த இடம் அது.

சாப்பாட்டு மேசையில் மனிதர் நண்டுக் காலை உறிஞ்சினார். விரலை உறிஞ்சினார். ஒரு காலைக் கதிரையில் தூக்கி வைத்து, இடக்கையால் விரலிடுக்கு அழுக்கை உருட்டிக்கொண்டே, அன்புராசா செத்த கதையை நாவல் மாதிரிச் சொன்னார். சண்முகலிங்கம் கண்கலங்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜெயமலருக்குச் சோற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சீ, இந்தக் கையாலா என் தம்பிக்குத் தண்ணீர் பருக்கினார் என்று நினைத்தாள். நினைத்ததும் தன்மீதே கோபம் வந்தது. நன்றிகெட்டவள் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை மாடிப்படிக் கம்பளத்தில் ஈரத்தைக் கண்டாள்.

கால் தடம். வாசலில் தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏறி, இரத்தினவேல் படுத்திருந்த அறைக் கதவோடு நின்றது. வெறுங்கால். ஈரம் தண்ணீர்போல இல்லை, மஞ்சளாக, கொழகொழத்து, ஓரமெல்லாம் சிவப்புப் புழுதி ஒட்டிக் கிடந்தது. மோர்னிங்சைட்டில் சிவப்புப் புழுதிக்கு எங்கே போவது? மனிதர் குளித்துவிட்டுத் துடைக்காமல் நடந்திருக்கிறார் என்று முணுமுணுத்துக்கொண்டு, கடதாசித் துவாயை எடுத்துக் குனிந்து துடைத்தாள்.

கையோடு ஏதோ வந்தது.

காய்ச்சின பாலில் ஆடை எடுப்பது மாதிரி, மெல்லிசாக, சுருங்கிக்கொண்டு வந்தது.

தோல். உள்ளங்காலின் தோல்.

ஓடிப்போய் சிங்கில் வாந்தி எடுத்தாள். கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள், டெற்றோல் ஊற்றித் தேய்த்தாள். வாசம் போகவில்லை. வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த சண்முகலிங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார்.

"எங்கை? ஒண்டையும் காணேல்லையே. உமக்கு நித்திரை போதாது, ஜெயா."

"மணக்கேல்லையோ உங்களுக்கு?"

"நேற்றையான் நண்டு, வேறை என்ன?"

அவர் போய்விட்டார். அவள் மறுபடி படியைப் பார்த்தாள். தடம் அப்படியே இருந்தது. அப்போதுதான் ஒழுங்காகக் கவனித்தாள்.

வலது காலில் ஐந்து விரல்.

இடது காலில் நான்கு.

அன்புராசாவுக்குச் சின்ன வயதில் இடக்காலின் சின்னவிரலைச் சைக்கிள் செயின் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு எந்தச் சப்பாத்துப் போட்டாலும் அந்த மூலை ஆடும், உரசும். ஜெயமலர்தான் தாயின் பழஞ்சேலையில் ஒரு துண்டு கிழித்து, உருட்டி, நூலால் நாலு பக்கமும் தைத்து, சப்பாத்தின் மூலையில் அடைத்துக் கொடுப்பாள். பள்ளிக்கூடக் காலத்தில் தொடங்கிய வேலை. அவன் அவுஸ்திரேலியா போகும்போதும் தைத்துக் கொடுத்துத்தான் அனுப்பினாள்.

எத்தனை தரம் துடைத்தும் படியில் அந்த ஈரம் காயவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சண்முகலிங்கம் புத்தகப் பெட்டிகளோடு மண்டபத்துக்கு முன்கூட்டியே போய்விட்டார். மற்ற இருவரையும் கூட்டிப்போக அயலில் இருக்கும் நவரட்ணம் அண்ணை பிறகு காரோடு வருவதாக ஏற்பாடு. இரத்தினவேல் மேலே ஏற்புரையைக் கண்ணாடிக்கு முன் நின்று பேசிப் பழகிக்கொண்டிருந்தார். வெளியே வருடத்தின் முதல் பனி பூப்போலக் கொட்டத் தொடங்கியது. நாலரை மணிக்கே இருட்டிவிடும் காலம் அது. வீட்டுக்குள் மங்கல்.

வாசலில், அன்று வெளியே போகாத அவருடைய சப்பாத்து ஏனோ ஈரமாகக் கிடந்தது. பனிக்காலத்தில் வந்தவர் சப்பாத்து நனைந்தால் பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்து ஹீற்றரோரம் வைப்பது அந்த வீட்டு வழக்கம். மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, வேண்டாவெறுப்பாக ஒன்றைத் தூக்கினாள். கனமான, கணுக்காலுக்கு மேல் ஏறும் தோல் சப்பாத்து. உள்ளே கைவிட்டாள். சொதசொத என்றது. நகத்துண்டு ஒன்று விரலில் குத்தியது. கையை எடுக்கப்போன நேரம், மூலையில் ஏதோ தட்டுப்பட்டது.

துணி உருண்டை. நூலால் நாலு பக்கமும் தைத்தது.

கறுத்து, நாறி, அழுகி இருந்தாலும் கரையில் அந்தப் பச்சைக் கோடு தெரிந்தது. அம்மாவின் சேலைக் கரை.

"அண்ணை!" அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "கீழை வாங்கோ."

இரத்தினவேல் பட்டுவேட்டியும் சால்வையுமாக இறங்கி வந்தார். அவள் கையில் இருந்ததைக் கண்டதும் கடைசிப் படியில் நின்றுவிட்டார்.

"உது ஆற்றை சப்பாத்து?"

"தங்கச்சி... அவன்ரை ஞாபகமாத்தான். செத்தாப் பிறகு கழட்டினனான். உங்களுக்கு மனம் நோகுமெண்டு சொல்லேல்லை."

"செத்தாப் பிறகு."

"ஓம். சத்தியமா."

"அப்ப ஏன் அவன்ரை உள்ளங்காலிலை தோல் இல்லை?"

மனிதரின் முகம் பேயறைந்ததுபோல் வெளுத்தது. "அது... அது உங்களுக்கு ஆர் சொன்னது? பெட்டி மூடித்தானே எரிச்சது!"

"செத்தவன் நடக்கமாட்டான் அண்ணை. வெறுங்காலோடை தோல் உரியுமட்டும் நடந்தவன் அந்த நேரம் உயிரோடைதான் இருந்திருக்கிறான். சொல்லுங்கோ!"

அவர் படியில் அப்படியே குந்திவிட்டார். பட்டுவேட்டி அந்த மஞ்சள் ஈரத்தில் ஊறியது. அவருக்கு அது தெரியவில்லை.

"என்ரை சப்பாத்தின்ரை அடி கழண்டுபோச்சு. றோட்டு நெருப்பு. அவன் காய்ச்சலிலை ஒரு மரத்தடியிலை மயங்கிக் கிடந்தான். அவன்ரையைப் போட்டுக்கொண்டு போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வாறதுதான் யோசனை. சத்தியமா வாறதுதான் யோசனை."

"வந்தனீங்களோ?"

"ஒரு கடை கிடந்துது. பசி. சாப்பிட்டன். குளிரூட்டி போட்டிருந்தவங்கள்... கண்ணயர்ந்து போனன். அடுத்த நாள் போகேக்கை மரத்தடிக்கு முந்தியே றோட்டிலை செத்துக் கிடந்தான். எனக்குப் பின்னாலை நடந்து வந்திருக்கிறான். கனதூரம் வந்திருக்கிறான்."

"தண்ணி?"

அவர் சால்வை நுனியை முறுக்கினார்.

"தண்ணிப் போத்தில் ஆரிட்டைக் கிடந்தது?"

"என்னட்டை" என்றார் மெதுவாக.

அடித்துவிடலாம் போல் இருந்தது ஜெயமலருக்கு. ஆனால் அந்த ஆளைத் தொடவேண்டுமே! கம்பளிப்பூச்சியைத் தொடுவதைவிட அருவருப்பாக இருந்தது. தம்பி செத்துக்கொண்டிருந்த நேரம் சாப்பிட்டுக் கைநக்கின மனிதன். அதே வாயால் மடியென்றும் தண்ணியென்றும் புத்தகம் எழுதியிருக்கிறான். அதற்கு நான் சேலைகட்டி மேடையேறிக் கைநீட்டப் பார்த்தேனே, தூ!

கதவைத் திறந்தாள். குளிர் முகத்தில் அறைந்தது. சப்பாத்து இரண்டையும் வாசற்படியில், வெளியே பார்க்கும்படி, சோடியாக வைத்தாள். துணி உருண்டையை இடது சப்பாத்தின் மூலையில் பழையபடி அடைத்தாள்.

"இந்தா ராசா. உன்ரையைப் போட்டுக்கொள். அக்காவுக்குத் தெரியாமல் போச்சு."

கதவைச் சாத்தினாள்.

"ஐயோ தங்கச்சி, நான் எதைப் போட்டுக்கொண்டு விழாவுக்குப் போறது?" என்றார் இரத்தினவேல்.

அப்போது வெளியே சத்தம் கேட்டது.

தோல் இழுபடும் சத்தம். கயிறு இறுக்கும் சத்தம்.

பிறகு குதிக்காலால் நிலத்தில் இரண்டு தட்டு. டக். டக்.

அன்புராசா சப்பாத்துப் போட்டால் அப்படித்தான் தட்டுவான்.

நாற்றம் கதவிடுக்கால் உள்ளே புகுந்து வீட்டை நிறைத்தது. ஜெயமலர் மூக்கைப் பொத்தவில்லை. வெளியே, பனிக்குள்ளிருந்து, வறண்டு வெடித்த தொண்டையில் ஒரு குரல் வந்தது.

"வா மச்சான். நடப்பம்."

இரத்தினவேல் எழும்பினார். கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. வெறுங்காலோடு அவளைத் தாண்டிப் போனார். சால்வை தோளிலிருந்து நழுவி விழுந்தது. அவர் கை கதவுப்பிடியில் படும்போது, அவருடைய வாய் மட்டும் "பிடியுங்கோ தங்கச்சி, என்னைப் பிடியுங்கோ" என்று முணுமுணுத்தது.

ஒரு எட்டு வைத்தால் பிடித்திருக்கலாம்.

அவள் பிடிக்கவில்லை.

அவர் வெளியே போனதும் கதவைப் பூட்டினாள்.

நவரட்ணம் அண்ணை வந்தபோது அவள் மட்டும்தான் காரில் ஏறினாள். வழியில் லைற் வெளிச்சத்தில் நடைபாதைப் பனியில் தடங்களைக் கண்டாள். ஒரு சோடி சப்பாத்துத் தடம். பக்கத்தில் தோளோடு தோள் போகிற தூரத்தில் ஒரு சோடி வெறுங்கால் தடம். இரண்டும் விட்பிப் பக்கம், கிழக்கே போய்க்கொண்டிருந்தன. விழாவில் முதற்பிரதிக்கு அவளைக் கூப்பிட்டார்கள். அவள் எழும்பி நின்று, "எனக்கு வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். சனம் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டது.

பொலிஸ் தேடியது. பனி கரைந்த பிறகும் தேடியது. இரத்தினவேலின் உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாதபடியால் மெல்பேணில் யாரும் அந்தியேட்டி செய்யவும் இல்லை, தானம் கொடுக்கவும் இல்லை. வீட்டு நாற்றம் அன்றே போய்விட்டது. ஜெயமலர் ஐயரைக் கூப்பிட்டுத் தம்பியின் பெயரில் நல்ல செருப்பாக ஒரு சோடி வாங்கிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு ஒழுங்காக நித்திரை வந்தது.

அடுத்த வருடம் முதல் பனி கொட்டிய காலை, தேநீர் வைக்க மாடியிலிருந்து இறங்கினாள். பாதிப் படியில் கால் வழுக்கியது. கொழகொழவென்று ஏதோ விரலிடுக்கில் ஏறியது. அந்தப் பழைய பூனை நாற்றம்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். இடக்கால் தடத்தைத் தேடினாள். தோல் ஆடையாக ஒட்டிக் கிடந்தது. விரல்களை எண்ணினாள்.

ஐந்து.

கீழே வாசலில் சண்முகலிங்கம் சப்பாத்து றாக்கைக் கிண்டும் சத்தம் கேட்டது.

"ஜெயா, என்ரை ஸ்னோ பூட்ஸைக் கண்டனீரோ? ராத்திரி இஞ்சைதானே வைச்சனான்!"