இங்கிலாந்தில் இருக்கிற மகன்

"இப்பதானே கதைச்சுப்போட்டு வச்சனீ, அப்பன். திரும்ப என்ன?" என்றாள் அம்மா.

பார்த்தீபன் அன்று அவளை அழைப்பது அதுதான் முதல் தடவை.

அவன் தலைமன்னாரில் மீன் முதலாளி எட்வேட் அண்ணன் வீட்டுப் பின்னறையில், காலை வெயில் தகரக் கூரையைக் காய்ச்சத் தொடங்கிவிட்ட நேரத்தில், யன்னலைச் சாத்தி, அதன்மேல் கம்பளியை ஆணியடித்துத் தொங்கவிட்டு, சத்தம் கேட்கும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, தடித்த குளிர்ச்சட்டையைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டியபடி உட்கார்ந்திருந்தான். அறைக்குள் வியர்வையும் கருவாடும் நாறின. வெளியே ஒரு கழுதை கத்தினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். இங்கிலாந்தில் இப்போது விடியாத இருட்டு. இரவு வேலை முடிந்து அறைக்கு வந்து, படுக்கப்போகும் முன் மகன் தன்னோடு கதைக்கிறான் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தாள்.

ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்த முதல் குளிர்காலத்திலேயே களஞ்சியமொன்றில் இரவிரவாகப் பெட்டி அடுக்கினான். பகலில் விரிவுரைக்குப் போய்த் தூங்கினான். பிறகு போகாமலே தூங்கினான். பல்கலைக்கழகம் வரவைப் பார்த்துப் பெயரை வெட்டியது, அதோடு விசாவும் போனது. நாலு பேர் படுக்கும் அறையில் கடைசியாக மிஞ்சிய சோறு குக்கரில் பூஞ்சை பிடித்துக் கிடக்க, அவன் விமானம் ஏறினான். கொழும்பிலிருந்து வந்த ரயில் திருக்கேதீஸ்வரத்தில் நின்றபோது இறங்கியிருக்க வேண்டும். அங்கிருந்து அவன் ஊரான அடம்பன் எட்டிப் பிடிக்கிற தூரம். கால் எழும்பவில்லை. தண்டவாளம் முடியும் இடம்வரை போனான். இப்போது எட்வேட் அண்ணனின் கடற்கரை மீன்வாடிக் கொட்டிலில் மீன் நிறுக்கிறான். தாடி வளர்ந்து, உப்புக்காற்றில் முகம் கறுத்துவிட்டது. காலையில் மட்டும் கம்பளி மறைத்த இருட்டில், தாடியும் கறுப்பும் தெரியாத நிழல்முகத்தோடு இங்கிலாந்துக்காரன் ஆகிறான்.

போன மாதம் அப்பா கதிர்காமு செத்துப்போனார். வெளிநாட்டில் பிள்ளை உள்ள வீடுகளில் செய்வதுபோலவே, யாரோ ஒருவர் போனை நீட்டிச் சவத்தின் முகத்தைக் காட்டினார். சித்தப்பாவின் மகன் கொள்ளி வைத்தான். இரண்டு பஸ் ஏறினால் வந்துவிடக்கூடிய தூரத்தில், குளிர்ச்சட்டைக்குள் வியர்த்துக்கொண்டு, பார்த்தீபன் அதைப் பார்த்தான். பெடியன் குளிருக்குள்ள தனிய கிடந்து அழுறான் என்று அங்கே யாரோ ஒரு பெண் இரங்கிச் சொன்னது அவன் காதில் விழுந்தது. அன்றைக்கு இல்லாத வெட்கமா இனி வரப்போகிறது என்று நினைத்திருந்தான். வந்தது. ஒவ்வொரு காலையும் வந்தது.

அம்மாவுக்குத் துக்கத்தில் நாள் பொழுது குழம்புகிறது என்றுதான் முதலில் எண்ணினான். ஆனால் அவன் சொன்னதாக அவள் திருப்பிச் சொன்னவற்றில் குழப்பமே இல்லை. மகன் புது அறைக்கு மாறிவிட்டானாம். யன்னலோரம் கட்டிலாம். ஹீட்டர் வேலை செய்யாததை வீட்டுக்காரனிடம் சொல்லித் திருத்துவித்தானாம். கிழமைக்கு ஒருமுறை உடுப்பு தோய்க்கும் கடைக்குப் போகிறானாம். இரவு வேலையைக் குறைத்துவிட்டானாம், ஒரு விரிவுரையும் தவறவிடுவதில்லையாம். இதெல்லாம் அவன் செய்யத் தெரியாமல், செய்ய முடியாமல், செய்யாமல் விட்டவை. தன் வாயால் ஒருபோதும் சொல்லாத பொய்கள். அம்மா அவற்றைச் சொல்லும்போது அவள் முகம் தெளிந்திருந்தது. அந்தத் தெளிவு அவனைச் சுட்டது.

பிறகு அவள் இலக்கம் வேறு அழைப்பில் இருக்கத் தொடங்கியது. அவன் காத்திருப்பான். கம்பளியின் ஓரத்தால் வெயில் நூலாக உள்ளே விழும். எடுக்கும்போது அம்மாவின் கண்ணில் வேறொருவன் சிரிக்கவைத்த சிரிப்பு இன்னும் மிச்சமிருக்கும்.

ஒருநாள் அவர்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு இன்னொரு அழைப்பு வந்தது. அம்மா எதையோ அழுத்தினாள். திரையில் மூன்றாவது கட்டமொன்று திறந்தது.

இருட்டு. உண்மையான இருட்டு. அதற்குள் ஒரு யன்னல். யன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஏதோ ஓய்வில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. கட்டிலில் ஒருவன். அதே குளிர்ச்சட்டை. மழித்த, வெளிறிய முகம்.

பார்த்தீபனின் முகம்.

அது அம்மாவைப் பார்க்கவில்லை. இவனைப் பார்த்தது.

"நெற் ரெண்டாக் காட்டுது," என்று அம்மா சிரித்தாள். "ஒண்டு சரியான மங்கல். பொறு, மங்கலை வெட்டி விடுறன்."

அவன் திரை கறுத்தது.

அன்றைக்கு அவன் மீன் நிறுக்கப் போகவில்லை. எட்வேட் அண்ணன் கதவைத் தட்டி, காய்ச்சலோ என்று கேட்டுவிட்டுப் போனார். கம்பளியைக் கழற்றினான். வெயில் உள்ளே வந்தது.  அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். போனில் அல்ல, நேரே போய் நின்று. அவள் காறித் துப்பட்டும், ஊர் சிரிக்கட்டும். அந்த முகம் அவளிடம் போவதற்கு முன் இவன் போகவேண்டும்.

மறுநாள் அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை திருக்கேதீஸ்வரத்தில், பாலாவித் தீர்த்தக் கரையில் நடக்கவிருந்தது. அன்று காலை பஸ் மன்னாரில் நெடுநேரம் நின்றது. அவன் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். ஐயர் செம்புகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பிண்டம் கரைத்தாகிவிட்டது.

தண்ணீரிலிருந்து ஒருவன் ஏறி வந்தான். ஈர வேட்டி. மொட்டைத் தலை. அம்மா சேலைத் தலைப்பால் அந்தத் தலையைத் துவட்டினாள்.

சித்தப்பாவின் மகனாக இருக்கும். இருக்க வேண்டும்.

அவன் திரும்பினான். திரையில் பார்த்த அதே வெளிறிய முகம்.

பார்த்தீபனின் கால்கள் படியில் நின்றுவிட்டன. கல் கொதித்தது. பாதம் உணரவில்லை. உச்சி வெயிலில் அந்த வாயிலிருந்து வெள்ளையாகப் புகைந்தது மூச்சு.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். தாடியைப் பார்த்தாள். கறுத்த முகத்தை. மீன் நாறும் சட்டையை. அவள் கண்கள் அவன் முகத்தில் தங்கவில்லை.

"நீங்கள் ஆர் தம்பி?"

சொல்லவேண்டியது ஒரே சொல். நாக்கு வரை வந்தது. சுற்றி உறவுக்காரர் நின்றார்கள். சித்தப்பா. ஐயர். எல்லோரும் பார்த்தார்கள். முகம் கொதித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போது மற்றவன் சொன்னான். பார்த்தீபனின் குரலில், பார்த்தீபனைவிடத் தெளிவாக.

"என்னோட படிச்சவன், அம்மா. ஏலாமல் பாதியில விட்டிட்டு வந்திட்டான்."

"பாவம். தாய் மனுசிக்குத் தெரியுமோ?"

"இன்னும் சொல்லேல்லை."

அம்மா நாக்கைத் தட்டி இரக்கப்பட்டாள். அவனையும் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுமாறு யாரிடமோ சொன்னாள். பிறகு மற்றவனின் கையைப் பிடித்தாள்.

பார்த்தீபன் நிமிர்ந்தான்.

அவள் விரல்கள். நுனியில் நீலம். நீலம் ஏறியது. மணிக்கட்டுவரை. முழங்கைவரை. உதடு வெளுத்தது. பற்கள் அடித்துக்கொண்டன. யாரும் பார்க்கவில்லை.

அம்மா.

கத்தினான். சத்தம் வரவில்லை.

அவர்கள் கைகோத்தபடி படியேறி அவனைக் கடந்து போனார்கள். அவள் தலைமயிரில் வெள்ளைத் துகள் படிந்திருந்தது. இமைகளில் படிந்திருந்தது. அந்த வெயிலில் அது உருகவில்லை. அவள் மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டு, பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.